நிறுத்தற்புள்ளியும் எழுத்தெண்ணிக்கையும்

"பினாங்கு" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று தொடக்கப்பள்ளி மாணவனைக் கேட்டால், பி, னா, ங், கு என விரல் மடக்கி நான்கு என்பான். அதே வினாவைக் கணினியிடம் கேட்டால் 24 என்றும் சொல்லும், 8 என்றும் சொல்லும். தமிழ் இலக்கணத்தை நாம் கற்றுக்கொடுத்த பின்னரே 4 என்று சொல்லும். இம்மூன்று விடைகளும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைச் சி மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலையும், அந்நிரலை இடைவழியில் நிறுத்திப் பார்க்கும் ஒரு கருவியையும் கொண்டு இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம். நிரல் எழுதிப் பழகாத தமிழாசிரியர்களும் பின்தொடரும் வகையில் ஒவ்வொரு படியையும் சொல்லிச் செல்வோம். அவர்களை இதனுள் அழைப்பதற்குக் காரணம் உண்டு.

சான்றிதழில் தொலைந்த புள்ளி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் போட்டியின் பரிசளிப்புக்கு உதவச் சென்றிருந்தோம். அச்சாகி வந்த சான்றிதழ்களில் சில பெயர்கள் பாதியில் நின்றன. சில பெயர்களில் இறுதி மெய்யின் புள்ளி மட்டும் போய், அவ்விடத்தில் ஒரு வினாக்குறிக் கட்டம் நின்றது. 'முருகன்' என்று இருக்க வேண்டியது 'முருகன' என்று முடிந்து, பக்கத்தில் அந்தக் கட்டம். 'மாலதி', 'கவிதா' போன்ற பெயர்கள் மட்டும் பழுதின்றி இருந்தன. அச்சிடும் நிரலைத் தொண்டாக எழுதித் தந்த இளைஞர் இரண்டு இரவுகள் எழுத்துருவை மாற்றினார், தாளின் அளவை மாற்றினார், அச்சுப்பொறியையும் மாற்றினார். மூன்றாம் நாள் எம்மிடம் வந்து, "ஐயா, தமிழ் எழுத்துருவில்தான் கோளாறு, பெயர்களை ஆங்கிலத்தில் அடித்துவிடலாமா?" என்று கேட்டார்.

கோளாறு எழுத்துருவில் இல்லை. நிரலை ஓரிடத்தில் நிறுத்தி அவ்விடத்தில் நினைவகத்தில் இருந்ததைப் பார்த்தபோது கால்மணி நேரத்தில் உண்மை தெரிந்தது. பெயரைச் சேமிக்க 20 பைட் அளவுள்ள பெட்டி ஒன்றை நிரல் ஒதுக்கியிருந்தது. சரத்தின் முடிவைக் காட்டும் சுழியத்துக்கு ஒன்று போக மிஞ்சியது 19. ரோமன் எழுத்துப் பெயர் ஒன்றுக்கு அது போதும். 'முருகன்' என்னும் பெயருக்கோ 21 பைட் வேண்டும். 18 பைட்டில் 'முருகன' வரை அடங்கியது; பத்தொன்பதாம் இடத்தில் புள்ளியின் முதல் துண்டு மட்டும் ஏறியது. அந்தத் துண்டுதான் தாளில் கட்டமாக நின்றது.

இரண்டு இரவும் வீணானது அவ்விளைஞரின் அறியாமையால் அன்று. அவர் நல்ல நிரலர். நிறுத்திப் பார்க்காமல் ஊகித்தார் என்பதும், தமிழ்ப்பெயர் ஒன்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முன்கூட்டி எவரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதும்தான் காரணங்கள். இவ்விரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியும் என்பதே நாம் சொல்ல வந்தது.

நிறுத்தற்புள்ளி என்பது யாது?

நிரலை இயக்கிக்கொண்டே அதனுள் நோக்க உதவும் கருவியை ஆங்கிலத்தில் 'டிபக்கர்' என்பர். தமிழில் 'வழுநீக்கி' என வழங்குகிறோம். வழு, வழாநிலை, வழுவமைதி என்பன இலக்கணம் கற்ற நமக்குப் பழகிய சொற்கள். ஆதலால் பெயர் இனிதே பொருந்துகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: இக்கருவி எவ்வழுவையும் தானாக நீக்குவதில்லை. நிரலை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தும். அவ்விடத்தில் மாறிகளின் மதிப்பு என்ன என்று காட்டும். அவ்வளவே. காண்பது வழுவா அன்றா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அருகில் அமர்ந்திருப்பவர்.

நிறுத்துமாறு நாம் குறிக்கும் இடத்துக்கு 'பிரேக்பாயிண்ட்' என்று பெயர். இதனை 'நிறுத்தற்புள்ளி' எனலாம். நிறுத்தற்குறிகள் வரிசையில் வைத்துப் பார்த்தால் இது முற்றுப்புள்ளி அன்று, காற்புள்ளி. நிரல் அங்கு முடிவதில்லை. தங்கி, மீண்டும் தொடர்கிறது. நம் கொடிமலை ரயிலில் முன்னாளில் பயணம் செய்தோர் நினைவுகூர்வர். 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய அந்த இழுவை ரயிலில், 2010ஆம் ஆண்டுவரை மலையுச்சிக்கு நேரே செல்ல முடியாது. நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த இடைவேளையில் கீழே எவ்வளவு தொலைவு ஏறினோம், மேலே எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்வோம். நிரலுக்கு நடுநிலையம் அமைப்பதே நிறுத்தற்புள்ளி வைத்தல்.

இச்சொல்லுக்கு ஒரு பிறப்புக்கதை உண்டு. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் நிரல் என்பது கம்பிகளின் இணைப்பு. அதில் பணியாற்றிய பெண் நிரலர்களுள் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன், கணக்கு ஓடும்போது குறித்த இடத்தில் ஒரு கம்பியைப் பிடுங்கி, ஓட்டத்தை உடைத்து நிறுத்தி, எண்பெட்டிகளில் அவ்வேளையில் இருந்த மதிப்புகளைப் படிக்கும் முறையைத் தாமும் தம் தோழியரும் கையாண்டதாகவும், அதிலிருந்தே அச்சொல் வந்ததாகவும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்று கம்பி இல்லை. உடைத்து நிறுத்திப் படிக்கும் அந்த முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏழு வரி நிரல்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. நாம் பயன்படுத்தும் வழுநீக்கி, ரிச்சர்டு ஸ்டால்மன் 1986ஆம் ஆண்டு எழுதிய ஜி.டி.பி. என்பது. கட்டணமின்றிக் கிடைப்பதால் மாணவர்களுக்கு ஏற்றது. சோதனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் நிரலைத் தமிழ் வாசகமாகத் தருகிறோம். மாணவர்கள் இதனைச் சி மொழியில் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

வரி 1: 'எண்ணு' என்னும் செயற்கூறு, ஒரு சரத்தின் தொடக்கத்தைக் காட்டும் சுட்டு ஒன்றைப் பெறும். அச்சுட்டின் வகை, வெறும் 'கேர்' வகை.
வரி 2: எண்ணிக்கை = 0.
வரி 3: சுட்டு காட்டும் பைட் 0 ஆகாதவரை, 4 முதல் 6 வரையுள்ள வரிகளைத் திரும்பச் செய்க.
வரி 4: அந்த பைட் 128க்குக் குறைவு, அல்லது 192க்குக் குறையாதது எனில்,
வரி 5: எண்ணிக்கையோடு 1 கூட்டுக.
வரி 6: சுட்டினை ஒரு பைட் முன்னே நகர்த்துக.
வரி 7: எண்ணிக்கையை விடையாகத் தருக.

நான்காம் வரியின் பொருளை விளக்க வேண்டும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே ஒருங்குறியில் தமிழுக்கு இடமுண்டு. 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை. 'ப' என்பதன் குறியெண் 2986. இவ்வளவு பெரிய எண் ஒரே பைட்டில் அடங்காது. ஒரு பைட்டின் எல்லை 255. ஆகவே கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.டி.எப்-8 முறைப்படி, ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டாக எழுதப்படும். 'ப' என்பது 224, 174, 170. முதற்பைட் தமிழில் எப்போதும் 224. பின்வரும் இரண்டும் 128க்கும் 191க்கும் உட்பட்டவை. ஆகவே 128 முதல் 191 வரையுள்ள தொடர்பைட்டுகளைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் எண்ணினால் குறியெண்களின் தொகை கிடைக்க வேண்டும். நான்காம் வரி அதைத்தான் செய்ய நினைக்கிறது.

'பினாங்கு' என்பதில் ப, இகரக் குறி, ன, ஆகாரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என 8 குறியெண்கள். எட்டு மும்மூன்று 24 பைட். நிரல் 8 என்று விடை தர வேண்டும். ஓடவிட்டோம், 24 என்றது.

முன்கூட்டி எழுதுதல்

இங்கேதான் மாணவர் பலர் நிரலைக் கண்டபடி மாற்றத் தொடங்குவர். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நிரல் சரியாக இருந்தால் ஐந்தாம் வரியில் எத்தனை முறை நிற்கும், ஒவ்வொரு முறையும் என்ன காண்போம் என்று எழுதிவைக்க வேண்டும். நாம் எழுதியது இது:

ஐந்தாம் வரியில் 8 முறை நிற்கும். முதன்முறை நிற்கும்போது எண்ணிக்கை 0, பைட் 224. இரண்டாம் முறை எண்ணிக்கை 1, பைட் மீண்டும் 224. எட்டாம் முறை எண்ணிக்கை 7.

முதன்முறை எண்ணிக்கை ஏன் 1 ஆகாமல் 0 என்று மாணவர் கேட்பர். நல்ல வினா. ஐந்தாம் வரியில் நிற்கிறது என்றால் ஐந்தாம் வரியைச் செய்யப் போகிறது என்று பொருள். செய்து முடித்தது என்று பொருளன்று. இதனை மறந்து ஒன்று கூட்டிப் படிப்பதால் விளையும் குழப்பம் மிகுதி. நிறுத்தற்புள்ளியைச் சோதிப்பவர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதுவே.

பின்னர் நிரலைத் தொகுப்பியிடம் கொடுக்கும்போது, வழுநீக்கக் குறிப்புகளைச் சேர்க்குமாறும் வேகமேம்பாட்டைத் தவிர்க்குமாறும் சொல்ல வேண்டும். மேம்பாட்டை அனுமதித்தால் தொகுப்பி வரிகளைக் கலைத்துச் சேர்த்துவிடும். அப்போது நாம் எழுதிய ஐந்தாம் வரிக்கு நேரான இடமே இயந்திர நிரலில் இல்லாமற்போகலாம். நிறுத்தற்புள்ளி வேறிடத்தில் நிற்கும், மாறியின் மதிப்பைக் கேட்டால் அது நீக்கப்பட்டது என்று விடை வரும்.

கட்டளைகள் ரோமன் எழுத்தில் தட்டச்சிடப்படுவன. இங்கு அவற்றைத் தமிழொலியில் தருகிறோம். 'பிரேக் 5' என்றால் ஐந்தாம் வரியில் நிறுத்தற்புள்ளி. 'ரன்' என்றால் ஓடுக. 'பிரிண்ட்' என்றால் காட்டுக. 'கண்டினியூ' என்றால் தொடர்க.

முதன்முறை நின்றது. எண்ணிக்கை 0; எதிர்பார்த்தபடியே. பைட்டைக் காட்டச் சொன்னோம். 224 என்று எழுதிவைத்திருந்தோம். திரையில் வந்தது -32. தொடரச் சொன்னோம். இரண்டாம் முறை நின்றது. 224க்குரிய இடத்தில் -82. மூன்றாம் முறை -86.

எழுதிவைத்த தாளும் திரையும் முதல் நிறுத்தத்திலேயே பிரிந்துவிட்டன. இனி ஊகம் வேண்டியதில்லை. 224இலிருந்து 256ஐக் கழித்தால் -32. 174இலிருந்து கழித்தால் -82. 170இலிருந்து கழித்தால் -86. கணினி அதே மூன்று பைட்டுகளைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவற்றைக் குறியுடைய எண்களாகப் படிக்கிறது. சி மொழியின் 'கேர்' வகை எதிர்மறை எண்ணைக் கொள்ளுமா என்பதை மொழியின் தரநிலை முடிவுசெய்யாமல் தொகுப்பியிடமே விட்டுவைத்திருக்கிறது. நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலும் கொள்ளும். எதிர்மறை எண் யாவும் 128க்குக் குறைவு. ஆகவே நான்காம் வரியின் நிபந்தனை ஒவ்வொரு பைட்டுக்கும் நிறைவேறியது, 24ம் எண்ணப்பட்டன.

இதில் நகைப்புக்கிடமான ஒன்று உண்டு. இதே நிரலைப் பள்ளிகளில் புழங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில், லினக்ஸ் அமைப்பில், ஓட்டினால் 8 என்று சரியான விடை வரும். அங்குக் 'கேர்' எதிர்மறை கொள்ளாது. ஆசிரியரின் கணினியில் தவறு, மாணவியின் கணினியில் சரி; நிரல் ஒன்றே. எதிர்பார்ப்பைத் தாளில் எழுதாதவர் இங்கு எந்தக் கணினியை நம்புவது என்று தடுமாறுவார்.

சுட்டின் வகையை 'குறியற்ற கேர்' என மாற்றினோம். இப்போது நிறுத்தற்புள்ளியைக் கொண்டே எண்ணும் ஒரு வழி உண்டு. முதலாம் நிறுத்தற்புள்ளியை 1000 முறை கண்டும் காணாமல் செல்க என்று 'இக்னோர்' கட்டளையால் சொல்லி, நிரலை முடியும்வரை ஓடவிட்டு, 'இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்' என்று கேட்டால், அவ்விடத்தை நிரல் எத்தனை முறை கடந்தது என்று கருவி சொல்லும். திருத்துவதற்கு முன் 24. திருத்திய பின் 8. நிரல் தரும் விடையும், நிரலுக்கு வெளியே நின்று கருவி எண்ணிய தொகையும் ஒத்தன. ஒரு சான்றினும் இரு சான்று வலிது.

கருவி எவ்வாறு நிறுத்துகிறது?

கருவியை நம்புவதற்கு முன் அதன் செயலையும் அறிதல் நன்று. இன்டெல் வகைச் செயலிகளில் 204 என்னும் ஒற்றைப் பைட்டுக்கு 'பொறியில் விழுக' என்று பொருள். நாம் நிறுத்தற்புள்ளி வைத்ததும், வழுநீக்கி அவ்விடத்து இயந்திரக் கட்டளையின் முதற்பைட்டைக் குறித்துவைத்துக்கொண்டு, நிரல் ஓடும் வேளையில் அதன்மேல் 204ஐ எழுதிவிடுகிறது. செயலி அதனை அடைந்ததும் ஓட்டம் தடைப்பட்டு, இயக்க அமைப்பின் வழியாக வழுநீக்கிக்குச் செய்தி செல்கிறது. தொடரச் சொன்னால் கருவி பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரு பைட் பின்வாங்கி, அந்த ஒரு கட்டளையை மட்டும் நடத்தி, மீண்டும் 204ஐ வைத்துவிட்டு ஓடவிடுகிறது. இத்தனையும் நமக்குத் தெரியாமல் நிகழ்கின்றன.

மூத்த மாணவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். ஒரு செயற்கூற்றின் முதற்பைட்டைச் சுட்டின் வழியே படித்து அச்சிடும் நிரலை எழுதுக. வெறுமனே ஓட்டினால் ஓர் எண் வரும். செயற்கூற்றின் பெயருக்கு முன் உடுக்குறி இட்டு, அதன் முதல் முகவரியிலேயே நிறுத்தற்புள்ளி வைத்து ஓட்டினால் 204 வரும். உடுக்குறியின்றிப் பெயரை மட்டும் சொன்னால் கருவி செயற்கூற்றின் முன்னேற்பாடுகளைக் கடந்து சற்று உள்ளே நிறுத்தும். அப்போது முதற்பைட் மாறாமல் இருக்கும். இரண்டையும் செய்து பார்த்தவர்க்கு நிறுத்தற்புள்ளி என்பது மாயம் அன்று, ஓரிடத்தில் எழுதப்பட்ட ஓர் எண் என்பது விளங்கிவிடும். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை 1972ஆம் ஆண்டு நம் தீவில்தான் அமைத்தது. பாயான் லெப்பாசில் பெற்றோர் வேலை பார்க்கும் மாணவர்களுக்கு இந்த 204 அந்நியமானதாகத் தோன்ற வேண்டியதில்லை.

எட்டிலிருந்து நான்குக்கு

நிரல் 8 என்கிறது. நிரலர் வேலை முடிந்தது என்பார். தமிழாசிரியர் முடியவில்லை என்பார். அவர் சொல்வதே சரி. ஒருங்குறியின் கணக்கில் இகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று. தமிழ் இலக்கணத்தின் கணக்கில் 'பி' என்பது ஓர் உயிர்மெய், 'ங்' என்பது ஒரு மெய். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை நாம் கற்பிக்கிறோமே தவிர, குறிகளைத் தனியெழுத்துகளாகக் கற்பிப்பதில்லை.

ஆகவே இரண்டாம் நிரலில் மூன்று பைட்டுகளை ஒரு குறியெண்ணாகச் சேர்த்து, 3006 முதல் 3021 வரையுள்ள உயிர்க்குறிகளையும் புள்ளியையும், 3031 என்னும் ஔகாரத் துணைக்குறியையும் எண்ணாமல் விடுமாறு சொன்னோம். 'பினாங்கு' 4 ஆயிற்று. ஆய்தத்தின் குறியெண் 2947. அது விலக்கில் அகப்படாமல் ஓர் எழுத்தாக எண்ணப்படும். அதுவே இலக்கணத்துக்கும் பொருத்தம்.

இங்கு நிபந்தனையுள்ள நிறுத்தற்புள்ளி கைகொடுக்கும். குறியெண் 3021 ஆனால் மட்டும் நில் என்று சொன்னால், நிரல் மெய்யெழுத்துகளின் புள்ளியில் மட்டும் நிற்கும். 'தண்ணீர்மலை' என்னும் சொல்லைக் கொடுத்தோம். முன்கூட்டி எழுதியது: எழுத்து 6, குறியெண் 10, பைட் 30; ண், ர் என இரண்டு நிறுத்தம். அவ்வாறே நின்றது. யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. செய்யுளை அலகிடும்போது நாம் செய்வதும் இதுவே: ஒரு சீரில் நின்று, குறிலா நெடிலா ஒற்றா என்று பார்த்து, அசையைக் குறித்து, அடுத்ததற்குச் செல்கிறோம். விரைந்து ஓதினால் தெரியாத தளைதட்டல் நின்று பார்த்தால் தெரியும்.

வழாநிலையை அறிந்தவர் யார்?

சோதனைச் சொற்களைத் தேர்வதில்தான் தமிழறிவின் தேவை முழுமையாக வெளிப்படுகிறது. மூன்று எடுத்துக்காட்டுகள் தருவோம்.

முதலாவது, 'கொ'. கண்ணுக்கு ஒன்றே. நினைவகத்தில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்ணாகவும் இருக்கலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகவும் இருக்கலாம். ஒருங்குறி இரண்டையும் சமமாகக் கொள்கிறது. பைட் கணக்கில் 6, 9 என வேறுபடும். நம் விதிப்படி எண்ணினால் எவ்வகையிலும் 1.

இரண்டாவது, 'ஔவையார்'. நான்கு எழுத்து. நாம் தட்டச்சிட்டுக் கொடுத்தபோது நிரல் 5 என்றது. நிரலைக் குறை சொல்லுமுன் முதலெழுத்தில் நிறுத்திப் பார்த்தோம். ஔகாரத்தின் குறியெண் 2964 இருக்க வேண்டிய இடத்தில் ஒகரம் நின்றது, அதன்பின் ளகரம். நாமே ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தோம். நிரல் சரி; எழுதியவர் பிழை. பார்வைக்கு வேறுபாடு தெரியாத இப்பிழை அச்சிலும் தேடலிலும் பெருகிக் கிடக்கிறது.

மூன்றாவது, 'க்ஷ'. நம் நிரல் இதனை இரண்டாக எண்ணும். கிரந்த எழுத்து வரிசையில் இதனை ஒன்றாகக் கொள்வோர் உண்டு. இதற்குக் கருவியிடம் விடை இல்லை. நாம் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்ட பின்னரே எவ்விடையும் வழு என்றோ வழாநிலை என்றோ சொல்ல முடியும்.

நிரல் காணாதவையும் உள. 'பினாங்கு' என்பதன் இறுதியில் வருவது மென்றொடர்க் குற்றியலுகரம்; அரை மாத்திரையே ஒலிப்பது. 'குடம்' என்பதன் முதலில் வரும் 'கு' முழு மாத்திரை பெறும். இரண்டுக்கும் நினைவகத்தில் ஒரே எண்கள். எழுத்தை எண்ணும் நிரல் மாத்திரையை எண்ணாது. அதற்கு வேண்டிய விதிகளைத் தமிழறிந்தவர் எழுதித் தர வேண்டும்.

சான்றிதழுக்குத் திரும்புவோம். அந்நிரலில் இரண்டு திருத்தங்கள் நிகழ்ந்தன. பெட்டியின் அளவு பெரிதாயிற்று. அதைக் காட்டிலும் தேவையானது இரண்டாவது: பெயரைச் சுருக்கியே தீர வேண்டுமெனில் பைட் எல்லையில் வெட்டாமல் எழுத்தின் எல்லையில் மட்டும் வெட்டுமாறு அமைந்தது. அவ்விளைஞர் கேட்டதன்பேரில் நாமும் ஓர் ஆசிரியரும் அமர்ந்து, இருபது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தோம்: மெய்யில் முடிவன, ஐகாரம் கொண்டன, இரு பக்கமும் குறி பெறுவன, ஆய்தம் வருவன, கிரந்த எழுத்துடையன. ஒவ்வொரு பெயரின் எதிரிலும் எழுத்து எத்தனை, குறியெண் எத்தனை, பைட் எத்தனை என்ற மூன்று எண்கள். நிரலைத் தொடும்போதெல்லாம் அவர் அப்பட்டியலை ஓட்டிப் பார்க்கிறார். எண் மாறுபட்டால் அவ்விடத்தில் நிறுத்தற்புள்ளி வைக்கிறார்.

இத்தகைய பட்டியல் ஒன்றை எழுத ஒரு தமிழாசிரியர்க்கு அரைமணி நேரம் போதும். கணினிப் பாட ஆசிரியரிடம் அதனைக் கொடுத்து, இரு வகுப்பு மாணவர்களையும் ஒரு மேசையில் அமர்த்தினால், ஒருவர் நிறுத்தவும் மற்றவர் தீர்ப்புச் சொல்லவும் கற்பர். முதற்பெயராக 'முருகன்' இருக்கட்டும்: எழுத்து 4, குறியெண் 7, பைட் 21.